முப்பது வருஷத்து வில்லங்கம்

பிள்ளை பெற்ற இருபத்திரண்டாம் நாள், காலை பத்தரை மணிக்கு, யோகலட்சுமி தன் அப்பாவிடம் ஒரு ஜோக் அடித்தாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

அப்போதுதான் கண் அசந்திருந்தாள். பிள்ளை வயிறு முட்டப் பால் குடித்துவிட்டுப் பக்கத்தில் கிடந்தது. தெற்குமாசி வீதி முழுக்கக் குற்றாலத்துச் சாரல் பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. தூங்குவதற்கென்றே விடிந்த காலை. இமை ஒட்டி ஒரு நிமிடம் ஆகியிருக்காது, தோளைப் பிடித்து உலுக்கினார் அப்பா பால்வண்ணநாதன்.

"எம்மா, யோகு. முழிச்சு என்னையப் பாரு. நான் யாரு? சொல்லு."

முந்தின நாள் விடிந்ததிலிருந்து இது எத்தனையாவது தடவையோ. தூங்கினால் எழுப்பிக் கேட்பார். முழித்திருந்தால் கதவோரம் நின்று பார்ப்பார். ஒவ்வொரு தடவையும் "எங்கப்பா" என்று ஒழுங்காகப் பதில் சொன்னவளுக்கு இந்தத் தடவை வாய் சும்மா இருக்கவில்லை.

"நீங்களா? புளியறை செக்போஸ்ட் இன்ஸ்பெக்டரு. லோடு எல்லாம் சரியாத்தான் இருக்கு சார். வண்டிய விடுங்க, நான் போகணும்."

சொன்னதோடு விட்டாளா, சிரிக்கவும் செய்தாள். சிரித்தபடியே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். திரும்பாமல் இருந்திருந்தால் அப்பாவின் முகத்தைப் பார்த்திருப்பாள். மனிதருக்கு முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. சத்தம் போடாமல் வெளியே போய்ச் செங்கோட்டைக்கு, மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு, போன் போட்டார்.

அவர் பயந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. இருபத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், இதே வீட்டில், இதே அறையில், யோகலட்சுமியைப் பெற்றுவிட்டுப் படுத்திருந்த உமாதேவி, புருஷன் முகத்தைப் பார்த்து "நீ யாரு?" என்று கேட்டாள். விளையாட்டுக்கு இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். நாலு நாளாகப் பொட்டுத் தூக்கம் இல்லாதவள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக ஆள் வருகிறது, ஆள் வருகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தவள். மறுநாள் பிள்ளையைக் காணோம். தேடாத இடமில்லை. கடைசியில் பார்த்தால் அடுக்களையில், பித்தளை அண்டாவுக்குள், மேலே மூடி போட்டு, மூடிக்கு மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைத்திருந்தாள். பால்வண்ணநாதன் மூடியைத் தள்ளியபோது பிள்ளையின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. அந்தப் பிள்ளைதான் யோகலட்சுமி.

பிள்ளையைப் புளியங்குடியில் அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். உமாதேவியைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார்கள். சித்தம் கலங்கினால் அருவியில் தலையைக் காட்டு என்பதுதான் இந்தப் பக்கத்து வைத்தியம். கையைத் துண்டால் கட்டி, இரண்டு ஆள் பிடித்துக்கொள்ள, நாற்பத்தொரு நாள் பேரருவியில் நிறுத்தினார்கள். தண்ணீரால் சரியானாளோ, தன்னால் சரியானாளோ, மூன்றாம் மாதம் தெளிந்துவிட்டாள். அதற்குப் பிறகு இன்றைக்குவரை அவளுக்கு ஒரு கோளாறும் வந்ததில்லை. மூன்று மாத நோய். ஆனால் பேர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

கோட்டி என்கிற சொல்லைப் பற்றித் திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை; மற்றவர்களுக்கு, பைத்தியம் என்று பொருள். விடிந்து எழுந்ததிலிருந்து படுக்கிறவரை வாயில் புழங்குகிற சொல். 'கோட்டிக்காரப் பயலே' என்றால் கொஞ்சல். 'ஏட்டி, கோட்டியா பிடிச்சிருக்கு?' என்றால் செல்ல ஏச்சு. யோகலட்சுமி வளர்ந்த வீட்டில் மட்டும் அந்தச் சொல் கிடையாது. அவள் போய் நின்றால் தெருவிலும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி கோட்டி, கோட்டி என்று கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டிருக்கும். இவளைக் கண்டதும் கப்சிப். எல்லாரையும் சொல்லுகிற சொல்லை ஒருத்தியை மட்டும் சொல்லாமல் விட்டால் அவளுக்கு விளங்காதா என்ன? முதல் வகுப்பிலேயே விளங்கிவிட்டது.

பால்வண்ணநாதன் பத்திரம் எழுதுகிறவர். சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே முப்பத்தைந்து வருஷம் உட்கார்ந்து எழுதியவர். மனை வாங்க வருகிறவன் மூலப்பத்திரத்தைக் காட்டாமல் அவரிடம் தப்ப முடியாது. "முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்க, பெறவு கை வைங்க" என்பார். மனுஷருக்கும் அவரிடம் அதே சட்டம்தான். மகள் சின்ன வயதில் அடம்பிடித்து அழுதால், பத்தாம் வகுப்பில் மார்க் குறைந்து தட்டைத் தூக்கி எறிந்தால், அவர் ஏச மாட்டார், அடிக்க மாட்டார். எழுந்து போய்க் கதவோரம் நின்று பார்ப்பார். அடித்திருந்தால்கூடத் தேவலை. அந்தப் பார்வையிலேயே வளர்ந்தவள் அளந்து சிரிக்கப் பழகினாள், அளந்து அழப் பழகினாள். கோபம் வந்தால் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்பாள். 'அமைதியான பிள்ளை' என்று ஊரில் பேர்.

உமாதேவியின் பாடு அதைவிட அநியாயம். அந்த வீட்டில் மூன்று வேளைச் சோறும் அவள் கையால்தான். அருவாமனை, அடுப்பு, கொதிக்கிற எண்ணெய் எல்லாம் அவளிடம்தான். சோற்றில் எதையும் கலந்துவிடுவாள் என்று ஒருத்தருக்கும் பயமில்லை. பச்சைப்பிள்ளை மட்டும் அவள் கைக்குப் போகக் கூடாது. சொந்தத்தில் எத்தனை பிள்ளைகள் பிறந்தன! எல்லாம் அவளைத் தாண்டித் தாண்டிக் கைமாறிப் போயின. இப்போது சொந்தப் பேத்தி பிறந்து இருபத்திரண்டு நாளாகிறது. பிள்ளையைக் குளிப்பாட்ட வெளியிலிருந்து ஒரு அம்மா வருகிறாள். உமாதேவி வெந்நீர் போட்டுக் கொண்டுவந்து வாசலில் வைப்பாள். ஒருக்கா எட்டிப் பார்ப்பாள். போய்விடுவாள்.

யோகலட்சுமியும் கொடுத்ததில்லை. அதையும் சொல்லத்தானே வேண்டும். 'இந்தாம்மா, பிடி' என்று சொல்ல வாய் வரைக்கும் வரும். அண்டா ஞாபகம் வரும். வாயை மூடிக்கொள்வாள்.

மணி பன்னிரண்டு அடிக்கும் முன் வாசலில் கார் வந்து நின்றது. அதற்குள் அப்பா இன்னும் மூன்று தடவை எழுப்பியிருந்தார். மாமியார் இராமலட்சுமி முதலில் இறங்கினாள். பின்னால் யோகலட்சுமியின் புருஷன் முத்துகுமரன். இராமலட்சுமி கெட்டவள் இல்லை. உமாதேவியின் கதை வளைகாப்பன்று யாரோ காதில் போட்டுத்தான் அவளுக்குத் தெரியும். மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்களே என்கிற ஆத்திரம் உள்ளே கிடந்தது. ஆனால் இன்றைக்கு வந்தது ஆத்திரத்தில் இல்லை, பேத்தியைப் பற்றிய பயத்தில். நேரே உள்ளே வந்தாள், குனிந்தாள், தூங்குகிற பிள்ளையை அள்ளி மாரோடு அணைத்துக்கொண்டாள்.

"அத்தே, இப்பத்தான் தூங்குது. ஏன் தூக்குதீங்க?"

"சாரமில்ல, சாரமில்ல. நீ படுத்துக்கோ" என்றாள் இராமலட்சுமி. பிறந்து வளர்ந்தது மலைக்கு அந்தப் பக்கம். பதறினால் 'பரவாயில்ல' என்பதுகூட மலையாளத்தில்தான் வரும்.

கடிக்குமோ என்று பயப்படுகிற நாயிடம் பேசுவோமே, அப்படியொரு குரல். அந்தக் குரல்தான் யோகலட்சுமியை எழுந்து உட்கார வைத்தது. முத்துகுமரன் அலமாரியைத் திறந்து பிள்ளையின் துணிகளை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"அத்தான், என்ன செய்யுதீங்க?"

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "கொஞ்ச நாளைக்குத்தான் யோகு. அம்மா நல்லா பாத்துக்கிடுவா."

மீதியைக் கதவோரம் நின்ற அப்பா சொன்னார். "நாளைக் காலைல குற்றாலத்துக்குப் போறோம்மா. தண்ணி நல்லா விழுது. பதினோரு நாள் தலைய நனைச்சா எல்லாம் சரியாயிரும். அதுவரைக்கும் பிள்ளை செங்கோட்டைல இருக்கட்டும். டப்பாப் பால் வாங்கியாச்சு."

பெற்று மூன்று வாரம் ஆன உடம்பு. தையல் போட்ட இடம் எழுந்தால் சுண்டி இழுக்கிறது, உட்கார்ந்தால் சுண்டி இழுக்கிறது. அந்த உடம்பைக் கொண்டுபோய், சீசன் கூட்டத்துக்கு நடுவே அருவிக்கு அடியில் நிறுத்தப்போகிறார்களாம். மார் கட்டிக்கொண்டு வலிக்கும்போது பிள்ளை பதினோரு நாள் டப்பாப் பால் குடிக்குமாம். எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"எதுக்கு?" என்றாள். முத்துகுமரன் பையில் அடுத்த துணியை வைத்தான். "எதுக்குன்னு கேக்கேன். எனக்கு இப்ப என்ன செய்யுது?"

"அப்பாவைப் பாத்து செக்போஸ்ட் இன்ஸ்பெக்டருன்னு சொன்னியாமே" என்றாள் இராமலட்சுமி, பைய.

யோகலட்சுமிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. தொண்டையிலேயே அமுக்கினாள். சிரித்தால் அது ஒரு சாட்சி ஆகிவிடும். அழுதால் அதுவும் சாட்சி. கத்தினால் கேட்கவே வேண்டாம். பேசாமல் இருந்தாலோ, பிரமை பிடித்து உட்கார்ந்திருக்கிறாள் என்பார்கள். ஒரு மனுஷி எந்தப் பக்கம்தான் திரும்புவாள்? இத்தனை வருஷம் அளந்து அளந்து வாழ்ந்தது எதற்கு, இப்படிக் கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்கிக் கொடுப்பதற்கா? இனிமேல் குளியலறைக்குள் போய் நிற்பதாக இல்லை.

"அது கிண்டலுப்பா!" என்று கத்தினாள். தெருவுக்கே கேட்டிருக்கும், கேட்கட்டும். "அரைமணிக்கொருக்கா உலுக்கி உலுக்கி நான் யாரு, நான் யாருன்னு கேட்டா எவளும் அதத்தான் சொல்லுவா. கிண்டல்கூடவா ஒங்களுக்கு வெளங்காது? கோட்டி பிடிச்சிருச்சுன்னுதானே நெனைக்கீங்க? அந்தச் சொல்லச் சொல்லுங்க. தெருவுல போற ஆட்டுக்குட்டியக்கூட ஊரு சொல்லுதுல்லா, என்னையச் சொல்ல மட்டும் ஏன் நாக்கு வர மாட்டேங்கு?"

அந்தச் சொல் அந்த வீட்டுக்குள் விழுந்து இருபத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது. அடுக்களையில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. உமாதேவி அங்கேதான் இருந்தாள்.

"சத்தம் போடாதம்மா" என்றார் பால்வண்ணநாதன். "ஒன்னைய நான் குறை சொல்லல. அது ரத்தத்துல இருக்கு. நீ என்ன செய்வே, பாவம்."

சொன்னவர் யாரிடம் சொல்கிறோம் என்று யோசித்துச் சொல்லியிருக்கலாம். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு லேபில் எட்டு வருஷமாக ரத்தப் பரிசோதனை செய்கிறவள் அவள்.

"ரத்தத்துலயா? இந்த ஊர்ல பாதிப் பேரு ரத்தம் என் கையில வந்து போயிருக்குப்பா. சீனி இருக்கும், உப்பு இருக்கும், கொழுப்பு இருக்கும். கோட்டி இருந்து நான் பாத்ததில்ல. சரி, ரத்தத்துல இருக்குன்னே வச்சுக்கிடுவோம். ஒங்க அப்பாவுக்குச் சீனி. ஒங்களுக்கும் சீனி, முந்நூறு இருந்தப்ப நான்தான் பாத்துச் சொன்னேன். பரம்பரையா வருதுன்னு தெனம் அல்வா வாங்கித் தின்னுட்டா படுத்துட்டீங்க? மாத்திரை போடுதீங்க, சோத்தக் கொறைக்கீங்க, நடக்கப் போறீங்க. எழுபது வயசுல கல்லு மாதிரி இருக்கீங்க. எனக்கும் அந்த நோவு வந்தா மாத்திரை போடுவேன். வராததுக்கு அருவியில போய் நிக்க மாட்டேன். முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாக்க நான் என்ன மனையா?"

"ஏட்டி, அப்பாட்ட இப்படியா பேசுவாங்க" என்றாள் இராமலட்சுமி.

"இப்படித்தான் அத்தே பேசணும். முன்னாலயே பேசியிருக்கணும்."

இதில் யோகலட்சுமி ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு இருந்தவள் இல்லை. ஐந்தாம் மாதமே பிரசவம் பார்த்த டாக்டர் மிஸ்ரியாவிடம் அம்மாவின் கதையை ஒன்று விடாமல் சொல்லியிருந்தாள். என்னென்ன அறிகுறி வந்தால் உடனே கூப்பிட வேண்டும் என்று டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததும், அது முத்துகுமரனின் பர்ஸில் மடித்து இருப்பதும் அவன் ஒருத்தனுக்குத் தெரியும். பர்ஸுக்குள் இருந்தால் ஆயிற்றா? அவள் போனை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டுப் பாயில் வைத்தாள்.

"டாக்டர், யோகலட்சுமி. என்னைய அருவிக்குக் கூட்டிட்டுப் போக எல்லாரும் வந்திருக்காங்க. பிள்ளையத் தூக்கிட்டுப் போகப் போறாங்க."

மிஸ்ரியா ஒரு நிமிடம் விவரம் கேட்டாள். பிறகு, "அப்பா பக்கத்துல இருக்காங்களா? சார், நான் கேக்கதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. நேத்துலருந்து சேந்தாப்ல எவ்வளவு நேரம் தூங்கினா?" என்றாள்.

"எங்க டாக்டர் தூங்கவிட்டேன்" என்றார் பால்வண்ணநாதன், பொறுப்பான தகப்பன் என்கிற பெருமையோடு. "அரைமணிக்கொருக்கா எழுப்பி, தெளிவா இருக்காளான்னு பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."

மிஸ்ரியா நிதானமாகச் சொன்னாள்.

"சார், நான் எதையும் மறைக்கல. அம்மாவுக்கு வந்திருக்கதால, மத்தவங்களவிட இவளுக்கு வாரதுக்கு வாய்ப்பு கூடுதல்தான். பொறப்புல அதுக்கு ஒரு பங்கு இருக்கு. ஆனா பொறப்புல இருக்கதெல்லாம் வெளிய வந்தே தீரணும்னு இல்ல. நெறையப் பேருக்கு வராமலே போயிரும். உள்ள சும்மா கெடக்கத வெளிய இழுத்துட்டு வாரதுல மொத ஆளு எது தெரியுமா? தூக்கம் கெடுதது. நீங்க வராத நோவ எழுப்பி எழுப்பிக் கூப்பிடுதீங்க சார்."

டாக்டர் அதோடு விடவில்லை.

"பச்சை உடம்ப அருவிப் பக்கம் கொண்டு போகாதீங்க. இப்ப அவ செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. பால எடுத்து வச்சிட்டு, பிள்ளைய ஒரு ஆள் கையில குடுத்துட்டு, நாலு மணி நேரமாவது சேந்தாப்ல தூங்கணும். யாரு கையில குடுத்தா அவளுக்கு நிம்மதியாத் தூக்கம் வருமோ அவங்க கையில. அத அவளே சொல்லட்டும். நாளைக்கு இங்கன கூட்டிட்டு வாங்க, நான் பாக்கேன்."

போன் நின்றது. இராமலட்சுமிதான் முதலில் வாய் திறந்தாள். "அப்பம் நானே வச்சுக்கிடுதேன். நீ தூங்கு மோளே."

யோகலட்சுமி அவளைப் பார்த்தாள். நெருப்பிலிருந்து எடுத்ததுபோலப் பிள்ளையை இறுக்கிப் பிடித்திருந்தாள். இவள் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினால், முழிக்கும்போது வாசலில் கார் இருக்காது. முத்துகுமரனைப் பார்த்தாள். அவன் கை இன்னும் பையின் ஜிப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. அப்பாவைப் பார்க்கவே வேண்டாம். அவருக்கு அப்பால், நடையில், ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா கையில குடுங்க" என்றாள் யோகலட்சுமி.

"யோகு!" பால்வண்ணநாதன் அலறியே விட்டார். "அவ கையிலயா? ஒனக்கு ஒண்ணும் தெரியாது. அன்னைக்கு நான் கண்ணால பாத்தது..."

"தெரியும்ப்பா. அண்டா, மூடி, மேல குழவிக்கல்லு. எல்லாம் தெரியும். அந்த அண்டாக்குள்ள கெடந்தது நீங்க இல்ல, நான். பயப்படணும்னா நான்தான் பயப்படணும். எனக்கே பயமில்ல, ஒங்களுக்கு என்ன?"

பயமில்லாமல் இல்லை. பயந்துகொண்டேதான் சொன்னாள்.

உமாதேவி ஓரடி பின்னால் போனாள். "எனக்கு வேண்டாம்மா. அவங்க சொல்லுததும்..."

"நீ உள்ள போ உமா" என்றார் பால்வண்ணநாதன்.

எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பார் அதை! ஒவ்வொரு தடவையும் அவள் போயிருக்கிறாள். இன்றைக்குப் போகவில்லை. புருஷனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் அன்னைக்குப் பிள்ளைய எதுக்கு ஒளிச்சு வச்சேன்னு ஒருநாளாவது கேட்டிருக்கீங்களா?"

அவர் அடுக்களைப் பக்கம் கையைக் காட்டினார்.

"யாரோ தூக்கிட்டுப் போக வாராங்கன்னு தோணுச்சு. அது நோவுதான். எனக்குத் தெரியாதா, நோவுதான். அந்த அண்டாவ நெனைச்சு நான் அழாத நாளு கெடையாது. ஆனா நோவு தெளிஞ்சு கண்ணத் தெறந்து பாக்கேன், பிள்ளையக் காணோம். நெசமாவே தூக்கிட்டுப் போயிருந்தீங்க. ரெண்டு வருஷம். மாரு கட்டி, துணியப் பிழிஞ்சு பிழிஞ்சு ஊத்தினேன். அவ திரும்பி வந்து என்னையப் பாத்து வீறிட்டு அழுதா. சரியானவ கையில பிள்ளையக் குடுக்கலாம்னு இந்த இருபத்தொம்பது வருஷத்துல ஒங்க யாருக்காவது தோணுச்சா?"

யோகலட்சுமி எழுந்து நின்றாள். தையல் சுண்டி இழுத்தது. மாமியாரிடம் போய் இரண்டு கையையும் நீட்டினாள். "குடுங்க அத்தே."

இராமலட்சுமியின் கை இளகவில்லை. மகனைப் பார்த்தாள். முத்துகுமரன் உமாதேவியைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு பையைத் தலைகீழாகக் கவிழ்த்தான். பிள்ளையின் துணிகள் பாயில் விழுந்தன.

"குடும்மா" என்றான்.

இராமலட்சுமி கொடுத்தாள். கொடுத்துவிட்டு, "நான் எங்கயும் போக மாட்டேன். கூடத்துலதான் இருப்பேன், சொல்லிட்டேன்" என்றாள்.

"இருங்க. சாப்பிட்டுட்டு இருங்க" என்றாள் யோகலட்சுமி.

உமாதேவி போய்க் கையைச் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவிவிட்டு வந்தாள். துடைத்தாள். சுவரோரம் உட்கார்ந்து காலை நீட்டினாள். யோகலட்சுமி குனிந்து பிள்ளையை அவள் கையில் வைத்தாள். பிள்ளையின் கனம் முழுக்க இறங்கியது. பிடரிக்கு அடியில் விரல் தானாகப் போய் நின்றுகொண்டது. பிள்ளை ஒரு கொட்டாவி விட்டுவிட்டுத் தூக்கத்தைத் தொடர்ந்தது. மூக்கிலிருந்து சொட்டிய கண்ணீர் பிள்ளை மேல் விழாமல் இருக்க உமாதேவி முகத்தை மட்டும் ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.

ஆண்கள் வெளியே போனார்கள். யோகலட்சுமி பாலைப் பீய்ச்சி டம்ளரில் மூடி வைத்தாள், பக்கத்தில் பால் புகட்டுகிற பாலாடையை வைத்தாள். "அழுதா இதக் குடும்மா. மெதுவாக் குடு, பொறை ஏறிராம."

"எனக்குத் தெரியும்ட்டி" என்றாள் உமாதேவி.

யோகலட்சுமி அம்மா இருந்த பக்கமே முகத்தை வைத்துப் படுத்தாள். கண்ணை மூடவில்லை. அம்மாவின் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், மறுபடியும் கையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது, அப்பா பார்க்கிற அதே பார்வை. 'சீ' என்று தன்னையே ஏசிக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடினாள்.

தூக்கம் காலிலிருந்து ஏறி வந்தது. கதவுக்கு வெளியே செருப்பில்லாத காலடி ஒன்று வந்து நின்றதும், தாழ்ப்பாள் மெல்ல அசைந்ததும் அவளுக்குக் கேட்டது. அம்மா குரலைக் கொஞ்சமும் தாழ்த்தாமல், "எம் மக தூங்குதா. அங்கிட்டுப் போங்க" என்று சொன்னதும் கேட்டது. அதற்கு மேல் அவள் காதில் ஒன்றும் விழவில்லை.